ரோமானியத் தரையிலிருந்து ஒரு ஜோடி காலுறை

சிங்கப்பூர் செங்காங்கில் இருக்கும் ஒரு தங்கையின் கேள்வி இது. ஒரே நிறக் காலுறையை, சுற்றுக்கு 64 கண்ணி (ஸ்டிச்) வைத்து, நன்றாகவே பின்னுகிறவர். டிசம்பரில் ரோமுக்குப் போகும் அண்ணனுக்குப் "பழைய ரோமானிய டிசைனில்" இரண்டு நிறக் காலுறை பின்னித் தர ஆசைப்படுகிறார். ரோமானியர்கள் என்ன மாதிரிக் காலுறை போட்டார்கள், அதையே பின்னலாமா, நூல் எங்கே வாங்குவது, குதிகாலில் டிசைன் குழம்பாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்டிருக்கிறார்.

ரோமானியர் காலில் என்ன இருந்தது என்று தேடாதீர்கள். அவர்கள் காலடியில் என்ன இருந்தது என்று பாருங்கள். உங்களுக்கு வேண்டிய டிசைன் தரையில்தான் இருக்கிறது.

காலுறை அவர்களிடம் இருந்தது, அதில் சந்தேகமில்லை. வட இங்கிலாந்தில் ரோமானியரின் ஹாட்ரியன் எல்லைச் சுவருக்குச் சற்றுத் தெற்கே இருந்த விண்டோலாண்டா கோட்டையில், மெல்லிய மரத்தகடுகளில் மையால் எழுதிய கடிதங்கள் 1973 முதல் கிடைத்து வருகின்றன. அவற்றில் ஒன்று, காலுறை, இரண்டு ஜோடி செருப்பு, இரண்டு ஜோடி உள்ளாடை எல்லாம் அனுப்பியிருக்கிறேன் என்று யாரோ யாருக்கோ எழுதியது. குளிரில் காவல் நிற்கிறவனுக்கு வீட்டிலிருந்து போன பார்சலாக இருக்கலாம். உங்கள் அண்ணன் கதைக்குக் கிட்டத்தட்ட 1,900 ஆண்டுக்கு முந்திய முன்னோடி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காலுறைகளே கிடைத்த இடம் எகிப்து. அங்குள்ள வறண்ட மணல் கம்பளியை மக்கவிடாது. ரோமானியர் ஆட்சிக்காலத்து எகிப்தில், ஒக்சிரிங்கஸ் என்ற ஊரில் கிடைத்த சிவப்புக் காலுறை ஜோடி இப்போது லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அரும்பொருளகத்தில் இருக்கிறது. கட்டைவிரல் தனி, மற்ற விரல்கள் தனி என்று முனை இரண்டாகப் பிரிந்திருக்கும். வார் வைத்த செருப்போடு போடுவதற்காக அப்படி. பிரிட்டிஷ் அரும்பொருளகத்தில் ஒரு குழந்தையின் இடது கால் காலுறை இருக்கிறது, வண்ணப் பட்டைகள் போட்டது, அந்தினூபோலிஸ் என்ற ஊரில் கிடைத்தது. 2018இல் அதைப் பல அலைநீள ஒளியில் படமெடுத்து ஆராய்ந்தார்கள். அத்தனை நிறமும் மூன்றே சாயத்திலிருந்து வந்தவை: மஞ்சிட்டி இனத்துச் செடியின் சிவப்பு, வோட் செடியின் நீலம், வெல்ட் செடியின் மஞ்சள்.

இங்கேதான் சிக்கல். இவை எதுவும் நாம் பின்னுகிற முறையில் பின்னியவை அல்ல. ஒற்றை ஊசியில் துண்டு நூலைக் கோத்து, ஒவ்வொரு கண்ணிக்கும் நூல் முழுவதையும் இழுத்து முடிச்சுப்போல் போடுகிற முறை அது. இன்று நால்பைண்டிங் என்கிறார்கள். அதில் நிறத்தைப் பட்டை பட்டையாக மாற்றலாம். ஒரே சுற்றில் இரண்டு நிறத்தை மாற்றி மாற்றி எடுத்துச் சித்திரம் காட்ட அது தோதான முறை இல்லை. ஆகவே "ரோமானிய இரு நிறப் பின்னல் காலுறை" என்று ஒன்று வரலாற்றில் கிடையாது. நம்மைப் போல ஊசிகளில் நிஜமாகப் பின்னி, நீலமும் வெள்ளையுமாக டிசைன் போட்ட பழைய காலுறைகளும் எகிப்திலிருந்துதான் வருகின்றன, ஆனால் ரோமானியர் போய்ப் பல நூற்றாண்டு கழித்து, இஸ்லாமிய ஆட்சிக் காலத்தில். 11 முதல் 14ஆம் நூற்றாண்டுக்குள் என்று மதிப்பிடுகிறார்கள். அவை பருத்தி என்பதை மட்டும் மனதில் வையுங்கள், பின்னால் அதற்கு வருகிறேன்.

சரி, தரைக்கு வருவோம். ரோமானிய மொசைக், அதாவது சின்னச் சின்னக் கற்களைப் பதித்துச் செய்த தரை, என்றதும் பலருக்கும் பல வண்ணப் படங்கள்தான் நினைவுக்கு வரும். ஆனால் இத்தாலியில் முதல், இரண்டாம் நூற்றாண்டுகளில் செல்வாக்கோடு இருந்தது கறுப்பு வெள்ளை மொசைக். ரோமின் துறைமுகமாக இருந்த ஓஸ்தியாவில் தெருத் தெருவாக அதைப் பார்க்கலாம். நெப்டியூன் குளியல்கூடத்தில் கடல்தெய்வம் குதிரைத் தலையும் மீன் வாலுமான விலங்குகள் இழுக்கப் போகும் பெரிய தரை இருக்கிறது. கப்பல் வணிகர்களின் சதுக்கத்தில் ஒவ்வொரு அறை வாசலிலும் கப்பல், டால்ஃபின், கலங்கரை விளக்கம். ரோமிலிருந்து ரயிலில் அரை மணி நேரம்தான், அண்ணனைக் கட்டாயம் போய்வரச் சொல்லுங்கள். பொம்பேயியில் நாயைக் கட்டிப்போட்டிருக்கும் அந்தப் புகழ்பெற்ற வாசல் தரையும் பெரும்பாலும் கறுப்பு வெள்ளைதான்.

நாயையோ நெப்டியூனையோ காலுறையில் போட நினைக்காதீர்கள். பெரிய படத்தில் ஒரு நிறம் நீளமாக ஓடும்போது மற்ற நிற நூல் பின்பக்கம் சும்மா தொங்கிக்கொண்டு போகும். காலை நுழைத்ததும் விரல் அதில் மாட்டும். அதைவிட, மொசைக் கல் சதுரம், பின்னல் கண்ணி சதுரம் இல்லை. அகலம் கூட, உயரம் குறைவு. மொசைக் படத்தைக் கட்டத்தாளில் கல்லுக்கு ஒரு கண்ணி என்று எடுத்தால் நாய் தட்டையாகிவிடும். இரண்டு நிறம் சேர்த்துப் பின்னும்போது கண்ணி கொஞ்சம் சதுரத்தை நெருங்கும், அவ்வளவுதான்.

படத்தை விட்டுவிட்டு ஓரப்பட்டைகளைப் பாருங்கள். ரோமானியத் தரையின் இலக்கணம் எளிது: வெளியே ஒரு பட்டை, அதற்குள் இன்னொரு பட்டை, நடுவில் திரும்பத் திரும்ப வரும் வடிவம். நம் ஊர்ப் பழைய கடைவீடுகளின் ஐந்தடி நடைபாதையில் பதித்த ஓடுகளிலும் இதே அமைப்பைப் பார்க்கலாம். காலுறையில் மேல் விளிம்புக்குக் கீழே பட்டை, கால் நீளத்துக்கு நடு வடிவம், கணுக்காலுக்கு மேல் மறுபடி பட்டை என்று இதை அப்படியே இறக்கிவிடலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது மொசைக்கைவிட எளிமையான இன்னொரு தரை. செங்கல், ஓட்டுத் தூளைச் சுண்ணாம்பில் குழைத்துப் போட்ட சிவந்த காரைத் தரை, அதில் வெள்ளைக் கற்களை ஒற்றைக் கோடாகப் பதித்து சாய்சதுர வலை, கோணல் கொக்கிகள் எல்லாம் வரைந்திருப்பார்கள். ஓப்பஸ் சிக்னினும் என்று பெயர். செங்கல் சிவப்புத் தளம், வெள்ளைக் கோடு, இரண்டே நிறம். இரண்டு நூல் பின்னலுக்கென்றே செய்து வைத்த மாதிரி. கறுப்பு வெள்ளையைவிட இதைத்தான் சிபாரிசு செய்வேன். கறுப்பு நூலில் கண்ணி எண்ணுவது இரவு விளக்கில் கண்ணுக்குத் தொல்லை, அதோடு செங்கல் சிவப்பில் ரோம் உடனே தெரியும்.

இரண்டு நிறமும் போதிய அளவு வேறுபடுகின்றனவா என்று கடையிலேயே பார்க்க ஒரு வழி: இரண்டு நூல்கண்டையும் பக்கத்தில் வைத்துக் கைபேசியில் கறுப்பு வெள்ளையாகப் படம் எடுங்கள். படத்தில் இரண்டும் ஒரே சாம்பல் நிறமானால் வேறு நிறம் எடுங்கள்.

இனி கணக்கு. உங்கள் அண்ணனின் பாதச் சுற்றளவை, விரல்களுக்குக் கீழே அகலமான இடத்தில், அளந்து 22 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 64 கண்ணியில் நீங்கள் பின்னும் ஒரே நிறக் காலுறை 10 செ.மீ.க்கு 32 கண்ணி என்றால் 20 செ.மீ. வரும், இழுத்துக்கொண்டு போடலாம். இரண்டு நிறப் பின்னல் அப்படி இழுபடாது. பின்னால் ஓடும் நூல் அதைப் பிடித்து வைத்திருக்கும். அதனால் டிசைன் வரும் பகுதிக்கு 72 கண்ணி. டிசைனோடு பின்னும்போது கண்ணி சற்று நெருங்கி 10 செ.மீ.க்கு 34 வந்தால், 72 கண்ணி 21 செ.மீ.யைக் கொஞ்சம் தாண்டும். சரியான அளவு.

72 இன்னொரு காரணத்துக்கும் நல்ல எண்: 6, 8, 9, 12 எல்லாவற்றாலும் மீதியில்லாமல் வகுபடும். கீழே சொல்லும் மூன்று வடிவமும் 6 கண்ணி கொண்டவை, ஒரு சுற்றில் 12 முறை வரும். சிவப்பு தளம், வெள்ளை கோடு என்று வைத்துச் சொல்கிறேன்.

கொக்கிப் பட்டை, 5 சுற்று, அடியிலிருந்து மேல்நோக்கி: முதல் சுற்று முழுதும் வெள்ளை. இரண்டாவது, 1 வெள்ளை 5 சிவப்பு. மூன்றாவது, 1 வெள்ளை 1 சிவப்பு 3 வெள்ளை 1 சிவப்பு. நான்காவது, 1 வெள்ளை 3 சிவப்பு 1 வெள்ளை 1 சிவப்பு. ஐந்தாவது, 5 வெள்ளை 1 சிவப்பு. கட்டத்தாளில் ஒருமுறை நிரப்பிப் பாருங்கள், அடிக்கோட்டிலிருந்து ஒரு கம்பு எழுந்து மேலே ஓடி, இறங்கி, உள்ளே மடங்குவது தெரியும்.

முக்கோணப் பட்டை, 3 சுற்று: 5 வெள்ளை 1 சிவப்பு, அடுத்தது 1 சிவப்பு 3 வெள்ளை 2 சிவப்பு, அடுத்தது 2 சிவப்பு 1 வெள்ளை 3 சிவப்பு.

சாய்சதுர வலை, 6 சுற்று: 1 வெள்ளை 5 சிவப்பு, அடுத்து 1 சிவப்பு 1 வெள்ளை 3 சிவப்பு 1 வெள்ளை, அடுத்து 2 சிவப்பு 1 வெள்ளை 1 சிவப்பு 1 வெள்ளை 1 சிவப்பு, நான்காவது 3 சிவப்பு 1 வெள்ளை 2 சிவப்பு, ஐந்தாவது மூன்றாவதைப் போல, ஆறாவது இரண்டாவதைப் போல. காரைத் தரையின் வலை இதுதான்.

மூன்றிலும் நூல் அதிகபட்சம் 5 கண்ணிதான் பின்னால் ஓடுகிறது. இந்தக் கண்ணி அளவுக்கு அது ஒன்றரை செ.மீ., நடுவில் பிடித்துப் பின்ன வேண்டியதில்லை.

நீங்கள் மேலிருந்து கீழே பின்னுகிறவர் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். முதலில் பின்னும் சுற்றுதான் அணியும்போது மேலே இருக்கும். ஆகவே கொக்கியையும் முக்கோணத்தையும் கடைசிச் சுற்றிலிருந்து தொடங்கி முதல் சுற்றுக்கு வாருங்கள். வலைக்கு இந்தக் கவலை இல்லை. இரண்டாவது காலுறையில் கொக்கிச் சுற்றுகளை வலமிடமாகத் திருப்பிப் படித்தால் இரண்டு காலிலும் கொக்கிகள் எதிரெதிராகப் பார்க்கும். செய்யாவிட்டாலும் குற்றமில்லை.

மேலிருந்து கீழே பின்னும் வரிசை இப்படி: 2.25 மி.மீ. ஊசியில் சிவப்பில் 72 கண்ணி, 2 நிட் 2 பர்ல் (நேர்க்கண்ணி, மறுகண்ணி) என்று 14 சுற்று ரிப், அதாவது இழுபடும் விளிம்பு. பிறகு 2.5 அல்லது 2.75 ஊசிக்கு மாறி 2 சுற்று சிவப்பு, கொக்கி 5, சிவப்பு 2, முக்கோணம் 3, சிவப்பு 2, வலையை ஐந்து முறை போட்டு முதல் சுற்றை இன்னொரு தடவை, சிவப்பு 2, மறுபடி கொக்கி 5, சிவப்பு 2. ரிப் போக 54 சுற்று, ஏறத்தாழ 14 செ.மீ.

இப்போது உங்கள் குதிகால் கேள்வி. டிசைனைக் குதிகாலுக்குக் கொண்டுபோகாமல் இருப்பதுதான் என் யோசனை. இதைச் சோம்பேறித்தனம் என்று நினைக்க வேண்டாம். அண்ணன் நாள் முழுக்கக் கல் பாவிய தெருவில் நடக்கப் போகிறவர். இரண்டு நிறப் பின்னல் இரட்டைக் கனம், வழக்கமான ஷூவுக்குள் இறுக்கும், அடிப்பாதத்தில் ஓடும் நூல் தேயும். ஆகவே 2.25 ஊசிக்குத் திரும்பி, வெள்ளையை வெட்டிவிட்டு, சிவப்பில் ஒரு சுற்று: 7 கண்ணி பின்னி அடுத்த 2ஐச் சேர்த்துப் பின்னுங்கள், அப்படி 8 தடவை. 72 இப்போது 64. இதற்குப் பிறகு நீங்கள் எப்போதும் பின்னுகிற காலுறையேதான், அதே குதிகால், அதே விரல் முனை. விரல் முனையை மட்டும் வெள்ளையில் முடித்தால் அழகாக இருக்கும்.

இல்லை, பாதம் முழுக்க டிசைன் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், அடிப்பாதத்தில் 1 சிவப்பு 1 வெள்ளை என்று நெடுங்கோடாகப் போங்கள். குதிகால் வரும் இடத்தில் வேறு நிறத் துண்டு நூலால் பாதிக்கும் கொஞ்சம் கூடுதலான கண்ணிகளை, 40 வரை, பின்னி வைத்துவிட்டுத் தொடருங்கள். கடைசியில் அந்த நூலை உருவி, திறந்த கண்ணிகளை எடுத்து, விரல் முனை மாதிரியே குறைத்துக் குதிகாலை முடிக்கலாம். சரிபாதியில் போட்டால் இழுபடாத துணியில் மேல்பாதம் பிடிக்கும், அதற்காகத்தான் அந்தக் கூடுதல்.

எந்த வழியில் போனாலும் நடுவில் ஒரு சோதனை உண்டு. குதிகால் நுனியிலிருந்து மேல்பாத வளைவு வரை குறுக்கே சுற்றி அளந்தால் பெரும்பாலும் 30 செ.மீ.யைத் தாண்டும். டிசைன் குழாய் அந்த அளவுக்கு இழுபட்டால்தான் காலுறை காலில் ஏறும். முதல் கொக்கிப் பட்டை முடிந்ததும் கண்ணிகளை நீளமான வட்ட ஊசிக்கு மாற்றி, யாராவது ஒரு வீட்டு ஆளின் குதிகால் வழியாக ஏற்றிப் பாருங்கள். ஏறவில்லை என்றால் பின்னால் ஓடும் நூல் இறுகியிருக்கிறது. நிறம் மாற்றும் முன் வலது ஊசியில் உள்ள கண்ணிகளைப் பரத்தி விட்டுப் பிறகு மாற்றுங்கள். இன்னொரு உபாயம், குழாயை உள்வெளியாகத் திருப்பி வைத்துப் பின்னுவது. அப்போது ஓடும் நூல் வெளிச்சுற்றில் வருவதால் தானாகவே கொஞ்சம் நீளமாக விழும்.

நிறம் மாற்றும்போது பின்பக்கம் வெள்ளை நூல் எப்போதும் அடியிலிருந்து, சிவப்பு நூல் எப்போதும் மேலிருந்து வரட்டும். அடியிலிருந்து வரும் நூலின் கண்ணி சற்றுப் பெரிதாக விழுந்து முன்னால் தெரியும், ஆகவே கோட்டு நிறம் அடியில் இருக்க வேண்டும். பாதியில் மாறிவிட்டால் வலையின் மேல்பாதி பளிச்சென்றும் கீழ்ப்பாதி மங்கலாகவும் நிற்கும், துவைத்தாலும் சரியாகாது. சுற்றின் தொடக்கத்தைக் காலின் பின்பக்கம் வையுங்கள். கொக்கியின் முழு வெள்ளைச் சுற்று தொடங்கும் இடத்தில் ஒரு படிக்கட்டு தெரியும். அதற்கு அடுத்த சுற்றின் முதல் கண்ணியைப் பின்னும்போது கீழ்ச்சுற்றுக் கண்ணியையும் தூக்கிச் சேர்த்துப் பின்னினால் அது மறையும்.

அப்புறம் ஒரு விஷயம். ரோமானியத் தரைகளில் அடிக்கடி வருவது ஸ்வஸ்திகாக்களைக் கோத்து ஓடும் பட்டை. கட்டத்தாளில் அழகாகத்தான் உட்காரும். நம் வீட்டில் சாமி அறையில் இருக்கும் சின்னம் அது. அதைக் காலில் போட அம்மா அப்பா சம்மதிக்கப் போவதில்லை. ஐரோப்பாவில் அதைப் பார்க்கிறவர்களுக்கு நாஜிகள்தான் நினைவுக்கு வருவார்கள். இரண்டு பக்கமும் அடி வாங்கும் டிசைனை விட்டுவிடுங்கள், ஒற்றைக் கொக்கியே போதும்.

நூல்: 75 விழுக்காடு கம்பளி, 25 விழுக்காடு நைலான் கலந்த சாக் நூல், 100 கிராமுக்கு 400 மீட்டர் அளவில் வருவது. சிவப்பு 100 கிராம், வெள்ளை 50 கிராம் வாங்கினால் தாராளம். சைனாடவுனில் பீப்பிள்ஸ் பார்க் பக்கம் போய்க் கையில் தொட்டுப் பார்த்து வாங்குங்கள். ஒரே சாய எண் உள்ள கண்டுகளா என்று லேபிளைப் பார்க்க மறக்க வேண்டாம். "நம்ம வெயிலுக்குப் பருத்தி நல்லதில்லையா அக்கா?" என்று கேட்பீர்கள். எகிப்துக்காரர்கள் பருத்தியில் பின்னினார்கள் என்பது உண்மை. ஆனால் பருத்தி தானாக இழுபடாது, இரண்டு நிறப் பின்னலும் இழுபடாது, இரண்டும் சேர்ந்தால் குதிகால் தாண்டுவது பெரிய பாடு. டிசம்பர் ரோமில் பகலிலேயே 12, 13 டிகிரிதான், கம்பளியே சரி. உங்களுக்கென்று அலுவலக ஏர்கானில் போட ஒன்று பின்னினால், எலாஸ்டேன் (இழுபடும் இழை) கலந்த பருத்தி எடுத்து, மேலே ஒரு கொக்கிப் பட்டையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சிவப்பும் வெள்ளையும் சேர்வதால் சாயம் கசிகிறதா என்று தொடங்கும் முன் பார்த்துவிட வேண்டும். சிவப்பு நூலில் ஒரு முழம் வெட்டி, வெந்நீரில் நனைத்து, வெள்ளைத் துணியில் அழுத்தி அரை மணி நேரம் விடுங்கள். துணியில் இளஞ்சிவப்பு ஏறினால் அந்தக் கண்டை முதலிலேயே அலசித் தெளிந்த நீர் வரும் வரை ஊறவைத்துக் காய வையுங்கள். பெருவிரைவு ரயிலில் பின்னுகிறவர் என்றால் வெள்ளைக் கண்டு பைக்குள்ளேயே இருக்கட்டும், வியர்த்த கையில் அது சீக்கிரம் அழுக்காகும். முடித்த காலுறையை டிசம்பர் வரை வைக்க, நன்றாகக் காய்ந்தபின் மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போடுங்கள். நம் ஈரப்பதத்தில் அலமாரிக்குள் சும்மா வைத்த கம்பளியில் பூஞ்சை பிடிக்கும்.

முதல் வேலையாக, டிசைனோடு ஓர் அளவுத் துண்டு போடுங்கள். தட்டையாக வேண்டாம், குழாயாகவே பின்னுங்கள், இரண்டும் ஒரே அளவு வராது. அலசிக் காயவைத்து அளந்து, 10 செ.மீ.க்கு எத்தனை கண்ணி என்று எழுதுங்கள். 34 வந்தால் 72 கண்ணி. 30 வந்தால் 66 போடுங்கள், 22 செ.மீ. வரும். 38 வந்தால் 78. ரிப்புக்கு மட்டும் இந்த இரண்டு எண்ணும் 4ஆல் வகுபடாது, அங்கே 1 நிட் 1 பர்ல் என்று மாற்றிக்கொள்ளுங்கள். கணுக்காலில் 64க்கு இறங்கும் கணக்கும் மாறும், அதை எண்ணிக்கை தெரிந்தபின் சேர்ந்து போடலாம்.